கேட்பாரற்ற காதல்: கொல்லிப்பாவை முதல் நவீனச் சிறுகதை வரை

குறுந்தொகையின் நூறாவது பாட்டு கபிலருடையது. அதில் வரும் மலை கொல்லி. மலைக்குரியவன் வல்வில் ஓரி. அருவி பாயும் சரிவில் மலைநெல் விதைத்து, ஊடே வளரும் காட்டுச் செடிகொடிகளைக் களைந்து வாழ்கிற சிறுகுடி அங்கே இருக்கிறது. பசி வந்தால் யானைக் கொம்பை விற்று உண்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த மலையின் மேற்குப் பக்கத்துப் பாவையைப் போன்றவள் அவள், அவளை அடைவது அரிது என்று ஒருவன் முடிக்கிறான்.

யாரிடம் சொல்கிறான்? பாட்டின் துறைக்குறிப்பு இரண்டு விடை தருகிறது. ஒன்று, தன் பாங்கனிடம் சொன்னான் என்பது. மற்றது, இரவில் குறி தவறிப்போய் அவளைக் காணாமல் திரும்புகிறவன் தன் நெஞ்சிடம் சொல்லிக்கொண்டான் என்பது. இந்தக் குறிப்புகளைப் புலவர்கள் எழுதவில்லை, தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படியானால் ஒரு பழைய வாசகர் இந்தச் சில அடிகளைப் படித்துவிட்டு இரண்டு காட்சிகளுக்கு நடுவே தயங்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு நண்பன் அமர்ந்து கேட்கும் காட்சி ஒன்று. இருட்டில் தனியாக நடக்கிறவனின் காட்சி மற்றொன்று. சொற்கள் ஒன்றே. கேட்கிறவன் இருக்கிறானா இல்லையா என்பதில் பாட்டின் துயரம் வேறாகிவிடுகிறது.

நவீனத் தமிழ்ச் சிறுகதையில் காதல் தோற்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சாதி, வறுமை, பால்ய மணம், கைம்மை, நகர வாழ்வு எனக் காரணங்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை மெய்யே. ஆனால் காதல் சங்கப் பாட்டிலும் தோற்றது. தலைவன் வராமல் போகிறான், காப்பு கடுமையாகிறது, பொருள்தேடப் போனவன் திரும்புவதில்லை. மாறியது வேறொன்று: தோற்ற காதலைச் சொல்ல அன்று ஆள் இருந்தது. நவீனச் சிறுகதையின் தனிமை தொடங்குவது காதலி போன இடத்தில் இல்லை, கேட்கிறவர் போன இடத்தில் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அகப்பாட்டின் இலக்கணமே இதற்குச் சாட்சி. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக முப்பத்து நான்கைச் சொல்கிறது. எழுத்து, அசை, சீர், அடி என்று நாம் எதிர்பார்க்கும் உறுப்புகளோடு 'கேட்போர்' என்பதும் ஓர் உறுப்பு. யார் பேசுகிறார் என்பதைப் போலவே யார் கேட்கிறார் என்பதும் செய்யுளின் உடம்பில் ஒரு பாகம். அதோடு நிற்கவில்லை அந்த இயல். ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை, நெஞ்சு ஆகியவையும் பேசுவது போலவும் கேட்பது போலவும் அமையலாம் என்று இன்னொரு நூற்பா அனுமதிக்கிறது. ஒருத்தி எவ்வளவு தனித்துப்போனாலும் அவள் சொல்லைக் கேட்க எதையேனும் ஒன்றை அந்த இலக்கணம் எதிரே நிறுத்திவைக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை, மனிதத் தனிமைக்கு ஓர் இலக்கண நூல் காட்டிய மிகப்பெரிய கருணை இது.

கொல்லிமலையைப் பாடும் பாட்டுகளிலேயே இந்த ஏற்பாடு நன்றாகத் தெரிகிறது. நற்றிணை 201இல் பரணர் பேசவைக்கும் தலைவனை அவனுடைய பாங்கன் கடிந்திருக்கிறான்: அவள் மலைக்குறவன் மகள், கிடைத்தற்கு அரியவள், காவலில் இருப்பவள், அவளை நினைக்காதே என்று. தலைவன் பதிலுக்குக் கொல்லிப்பாவையைக் கொண்டுவருகிறான். காற்று மோதட்டும், மழை கொட்டட்டும், இடி விழட்டும், நிலமே அதிரட்டும், அந்தப் பாவை தன் அழகை இழப்பதில்லை; அவளும் என் நெஞ்சைவிட்டுப் போகமாட்டாள் என்கிறான். ஆசை எவ்வளவு பிடிவாதமானது என்பதைச் சொல்லும் பாட்டு என்றுதான் இதைப் பாடம் சொல்வார்கள். எனக்கோ கடிந்த நண்பன்தான் முக்கியமாகப் படுகிறான். அவன் கடிந்ததால்தான் இவனுக்குச் சொல்ல வாய்த்தது. அகமரபில் பாங்கன் கடிவதோடு போய்விடுவதும் இல்லை. அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீ கலங்கியது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்வான். தோழியின் வேலை இன்னும் பெரிது. கேட்பாள், மறுப்பாள், தூது போவாள், செவிலியிடம் உண்மையைச் சொல்வாள். ஊரே உறங்குகிறது, என் நோய் அறியவில்லை, முட்டுவேனா மோதுவேனா என்று ஔவையார் பாட்டில் ஒருத்தி துடிக்கும்போதுகூட அது தோழியிடம் சொன்னதாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

தோற்ற காதலுக்குப் பொதுவெளியில் ஒரு சடங்கும் இருந்தது. பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தெருவில் ஏறிவருவேன் என்று மறுக்கப்பட்டவன் சொல்வான். பாட்டுகளில் பெரும்பாலும் அது மிரட்டலாகவே நின்றுவிடுகிறது. ஆனாலும் அப்படி மிரட்ட முடிந்தது என்பது பெரிய செய்தி. என் தோல்வியைத் தெரு பார்க்கட்டும் என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி இருந்தது.

பாவையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நற்றிணை 192 அது பூதம் செய்தது என்கிறது. குறுந்தொகை 89 தெய்வம் எழுதியது என்கிறது. பிற்காலக் கதைகளில் அது சிரித்தே ஆளைக் கொல்லும் பாவையாயிற்று. இன்று நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் வரும் மேட்டு நிலத்தில், எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மலை அது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு, ஆடி பதினெட்டை ஒட்டி விழாவும் உண்டு. சங்கப் பாட்டின் பாவை மட்டும் எந்தப் பாட்டிலும் வாய் திறப்பதில்லை. ஆண் தன் நண்பனிடம் பேச அவள் உவமையாக நிற்கிறாள். காதலுக்குக் கேட்போரை இவ்வளவு கவனமாகப் படைத்த மரபில்கூடப் பாவையாக்கப்பட்ட பெண்ணை யாரும் கேட்கவில்லை. ஒரு விதிவிலக்கு குறுந்தொகை 89. அங்கே பெண்கள் உரலில் குற்றியபடி வள்ளைப்பாட்டுப் பாடுகிறார்கள், அந்தப் பாட்டிலேயே காதல் வெளியாகிறது. அதை அயலார் குறைசொல்ல, தலைவி பாடினால்தான் என்ன என்று தோழி கேட்கிறாள்.

குறுந்தொகைக்கு உ.வே.சாமிநாதையர் செய்த பதிப்பு 1937இல் வந்தது. அந்த ஆண்டுகளிலேயே, பி.எஸ்.ராமையாவின் பொறுப்பில் கதைப் பத்திரிகையாக மாறியிருந்த மணிக்கொடியில், மௌனி எழுதத் தொடங்கியிருந்தார். 1907இல் பிறந்து 1985வரை வாழ்ந்த அவர் எழுதியவை ஏறத்தாழ இரண்டு டஜன் கதைகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் விதை ஒன்றுதான்: ஒருவன் ஒருத்தியை ஒருமுறை பார்த்தான், அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை, எதுவும் நடக்காததே அவன் வாழ்க்கை ஆயிற்று.

'ஏன்?' கதையில் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் சிறுவன் ஒரு பெண்ணிடம் சேர்ந்து போகலாமே என்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பார்வை கேட்ட கேள்வி அவனை விடவே இல்லை. எந்த நண்பனிடமாவது அவன் அதைச் சொல்லியிருந்தால், அடே, அவள் சும்மா பார்த்திருப்பாள் என்று ஒரு பதில் கிடைத்திருக்கும். கதை அங்கேயே கலைந்திருக்கும். மௌனியின் உலகில் அப்படி ஒரு நண்பன் இல்லை. உரசிப் பார்க்க ஆளில்லாததால் ஒரு சின்னப் பார்வை பிரபஞ்சத்தின் புதிராக வீங்கிவிடுகிறது.

'அழியாச்சுடர்' இன்னும் நுட்பமானது, ஏனென்றால் அதில் பாங்கன் இருக்கிறான். கதைசொல்லி தன் நண்பனைப் பார்க்க வருகிறான். நண்பன் ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்த மரம் ஒன்றைப் பார்த்தபடி இருக்கிறான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு கோயிலில் ஒரு பெண்ணைப் பார்த்ததையும், அவளுக்காக எதையும் செய்வதாக அவளிடம் சொன்னதையும், தூணின் யாளியையும் அவன் விவரிக்கிறான். பாங்கன் துணையால் தலைவியைக் கூடும் பாங்கற்கூட்டத்தின் எல்லாப் பொருள்களும் சேர்ந்துவிட்டன: தலைவன், பாங்கன், எட்டாத பெண், கல்லில் ஓர் உருவம். இருந்தும் பாங்கனால் செய்ய ஒன்றுமில்லை. கடியவும் முடியவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்து தேற்றவும் முடியவில்லை. அவன் கேட்டுவிட்டு நமக்குச் சொல்கிறான், அவ்வளவே. மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் சொன்னது புகழ்பெற்ற வாக்கு. தத்துவத்தின் பக்கமாக அவரைப் படிக்க அது வழிவிட்டது. அவருடைய மனிதர்களின் மௌனத்துக்குச் சமூகக் காரணம் ஒன்று இருந்ததை அந்தப் பட்டம் மறைத்தும்விட்டது என்று நினைக்கிறேன்.

என்ன காரணம்? மணிக்கொடி எழுத்தாளர்களில் பலருக்குப் பின்புலம் தஞ்சை, கும்பகோணம் பகுதியின் அக்கிரகாரம். அங்கே பெண்ணுக்குக் குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம் முடிந்துவிடும் வழக்கம் வலுவாக இருந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று சாரதா சட்டம் வரம்பு வைத்ததே 1929இல்தான். கல்யாணத்துக்கு முன் காதல் என்ற கட்டமே இல்லாத வாழ்க்கையில், அந்தக் கட்டத்துக்குரிய தோழிக்கும் இடமில்லை. இன்னொரு பக்கம், காலேஜில் ஆங்கிலக் கவிதை படித்த இளைஞனுக்குக் காதல் ஒரு பெரிய எண்ணமாக வந்து சேர்ந்தது. ஊரில் அதைச் சொல்லிப் புரியவைக்க ஆளில்லை. மூன்றாவதாக, கதையே மாறிவிட்டது. ஒருவர் பாடப் பலர் கேட்ட காலம் போய், அச்சிட்ட பத்திரிகையை ஒருவர் தனியாக உட்கார்ந்து வாய்திறக்காமல் படிக்கிற காலம் வந்தது. சிறுகதை பிறக்கும்போதே ஒற்றை ஆளுக்காகப் பிறந்தது.

அயர்லாந்து எழுத்தாளர் ஃபிராங்க் ஓ'கானர் 1960களின் தொடக்கத்தில் சிறுகதையைப் பற்றி எழுதிய நூலுக்குத் 'தனித்த குரல்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். நாவலுக்கு ஒரு சமூகம் வேண்டும்; சிறுகதையோ சமூகத்தின் ஓரத்தில் அலைகிறவர்களின் வடிவம் என்பது அவர் வாதம். செகாவ் 1886இல் எழுதிய 'துயரம்' கதையின் வண்டிக்காரரை நினைத்தால் அது பொருந்துகிறது. மகன் இறந்ததைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் தேடி, கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறார் அவர். விலங்கும் கேட்போர் ஆகலாம் என்ற தொல்காப்பிய நூற்பா பீட்டர்ஸ்பர்க் பனியில் நிறைவேறுகிறது. ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் வரும் டஃபியோ, தன் மனத்தைத் திறந்துகாட்டிய ஒரே பெண்ணை அவள் தன் கையைப் பற்றிய குற்றத்துக்காக விலக்கிவிட்டு, நான்காண்டு கழித்து அவள் சாவைச் செய்தித்தாளில் படிக்கிறார். அவர் இழந்தது காதலியையா, கேட்கிறவளையா என்று கதை பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் ஓ'கானர் சொல்லும் ஓரம் தமிழ்க் கதைக்கு முழுதாகப் பொருந்தாது. நம் கதைகளின் தனியர்கள் நெரிசலான வீட்டின் நட்டநடுவில் இருக்கிறார்கள். பக்கத்து அறையில் மாமியார் இருமுகிறார், கூடத்தில் குழந்தைகள் தூங்குகின்றன, கிணற்றடியில் நான்கு பெண்கள் நிற்கிறார்கள்.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் கு.ப.ராஜகோபாலன். 1902இல் பிறந்து 1944இல் மறைந்த கு.ப.ரா.வின் 'ஆற்றாமை' கதையில், கணவன் ஊரில் இல்லாத ஒருத்தி புதுமணத் தம்பதியின் பக்கத்துக் குடித்தனத்தில் இருக்கிறாள். பிரிவுத்துயர் என்பது அகப்பாட்டின் பாதி. அங்கே அதைக் கேட்கத் தோழி உண்டு. இங்கே தோழியாக இருந்திருக்க வேண்டியவள் சுவருக்கு அந்தப் பக்கம் கணவனோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். சொல்ல முடியாத ஏக்கம் பொறாமையாகி, அவர்களுடைய இரவைக் கலைக்கும் ஒரு சின்னச் செய்கையாக வெளிப்படுகிறது. தோழி எதிரியாகிற அந்த நொடியைப் பழிசொல்லாமல் எழுதிய கை கு.ப.ரா.வுடையது. 'சிறிது வெளிச்சம்' கதையில் கணவனிடம் அடிபடும் சாவித்திரி தன் வாழ்க்கையைத் திறந்து சொல்வது அந்த வீட்டில் குடியிருக்க வந்த அந்நிய ஆணிடம். அவள் இறந்த பிறகே அவன் அதை வெளியே சொல்கிறான். பாவை பேசத் தொடங்கிய கதைகள் இவை. பேச்சைக் கேட்கக் கிடைத்தவனோ வழிப்போக்கன். கேட்டதும் இரகசியமாகவே இருக்கவேண்டியிருந்தது.

மௌனியின் வழி பின்னால் வந்தவர்களையும் இழுத்தது. ராஜமார்த்தாண்டன் ஆசிரியராக இருந்த சிற்றிதழின் பெயரே 'கொல்லிப்பாவை'. எட்டாத அழகைத் தேடிய ஒரு தலைமுறையின் மனநிலையை அந்தப் பெயரில் பார்க்கலாம். வண்ணதாசனின் 'தனுமை'யில் ஞானப்பன் கால் ஊனமான தனுவைத் தூரத்திலிருந்து பார்க்கிறான். டெய்ஸி வாத்திச்சி ஞானப்பனை நேசிக்கிறாள். மூன்று பேரும் அன்பானவர்கள், ஒருவர் அன்பு இன்னொருவரிடம் போய்ச் சேர்வதில்லை. வண்ணதாசன் இதைக் கனிவோடு சொல்கிறார். அவர் கனிவு எனக்குப் பிடிக்கும், ஆனால் சில நேரம் அந்தக் கனிவே தனிமையை அழகாக்கிவிடுகிறது.

அம்பையிடம் அந்த ஆபத்து இல்லை. 'காட்டில் ஒரு மான்' கதையின் தங்கம் அத்தை பூப்பெய்தாதவள். கணவர் இன்னொரு திருமணம் செய்துகொள்கிறார். வீடு அவளைச் சுற்றிக் கிசுகிசுக்கிறது, அவளிடம் யாரும் கேட்பதில்லை. அத்தை இரவில் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்கிறாள்: ஒரு மான் தன் காட்டைவிட்டு வழிதவறி வேறு காட்டுக்குப் போன கதை. குழந்தைகளுக்கு அது மான் கதை. வளர்ந்தபின் அவர்களில் ஒருத்திக்கு அது அத்தையின் கதை. தொலைந்துபோன தோழியை அம்பை மறுபடி கண்டெடுத்தது இப்படித்தான். கேட்கிறவர் உடனே புரிந்துகொள்ள வேண்டியதில்லை, பல ஆண்டு கழித்துப் புரிந்துகொண்டாலும் அத்தை அன்று தனியாக இருக்கவில்லை என்றாகிறது. நவீனத் தமிழ்ச் சிறுகதையில் கேட்பதைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த பக்கங்கள் இவை என்பேன்.

கேட்பதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது அலர். சங்கப் பாட்டில் ஊர்ப்பெண்கள் வாய்க்குள் முணுமுணுக்கும் பழிப்பேச்சு அது. தோழி அதையே ஆயுதமாக எடுத்து, ஊர் பேசுகிறது, சீக்கிரம் மணந்துகொள் என்று தலைவனை நெருக்குவாள். அன்றைய அலர் காதலைக் கல்யாணத்தின் பக்கம் தள்ளியது. இன்றைய கதையில் அலரின் வேலை நேர் எதிர். ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேச'த்தில், மழைநாளில் காரில் ஏற்றிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய பெண் தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் குமுறுகிறாள், பிறகு அக்கம்பக்கத்தாரிடம் மறைத்து, மகள் தலையில் தண்ணீர் ஊற்றித் தேற்றுகிறாள். அதே சம்பவம் 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாகும்போது தாய் வாய்விட்டு அலறிவிடுகிறாள், தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை முழுவதும் தனிமை. அறைக்குள் ஒருத்தி கேட்டதற்கும் தெரு கேட்டதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெண்ணின் ஆயுள் அளவு நீள்கிறது.

சாதி இந்தக் கணக்கில் நுழையும்போது அலர் பேச்சாகவும் நிற்பதில்லை. கொல்லிமலையின் அடிவாரத்து நாமக்கல் வட்டாரத்தைத் தன் எழுத்துக்கு மண்ணாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. அது சிறுகதையல்ல, சிறிய நாவல். ஆனாலும் இந்த இடத்தில் அதை விட்டுவிட முடியாது. குமரேசன் வேறு சாதிப் பெண் சரோஜாவை மணந்து தன் ஊருக்குக் கூட்டிவருகிறான். பாறைமேல் ஒரு குடிசை. மாமியார் மாராயியின் ஒப்பாரி நாள் முழுக்க ஊருக்கே கேட்கிறது. சரோஜாவின் குரலைக் கேட்கக் கணவனைத் தவிர அங்கே ஒரு உயிர் இல்லை. அவனும் பிழைப்பு தேடி வெளியே போகவேண்டியவன். ஊர் அவர்களை ஒதுக்கிவைக்கிறது. கடைசியில் அவள் ஒளிந்திருக்கும் புதரைச் சுற்றித் தீ மூட்டப்படுகிறது. காதல் இங்கே தோற்கவே இல்லை. இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். காதல் வென்ற வீட்டிலும் ஒருத்தி இவ்வளவு தனியாக இருக்க முடியும்.

இமையத்தின் 'பெத்தவன்' 2012இல் வெளிவந்த நெடுங்கதை. அதே ஆண்டு நவம்பரில், ஒரு கலப்பு மணத்தைக் காரணம் காட்டி, தர்மபுரி மாவட்டத்தின் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. கதையில் பாக்கியம் தலித் இளைஞரை நேசிக்கிறாள். ஊர்ப்பஞ்சாயத்து அவளைக் கொன்றுவிடும்படி தகப்பன் பழனிக்குக் கெடுவைக்கிறது. அவர் ஊரின் முன்னால் ஒப்புக்கொள்கிறார். அந்த இரவில் மகளுக்குப் பணமும் நகையும் கொடுத்து, காதலனிடம் போகச் சொல்லி வழியனுப்புகிறார். அகமரபில் இதற்குப் பெயர் உடன்போக்கு. தலைவியை இருட்டில் தலைவனோடு அனுப்பிவைப்பது தோழியின் கடமை. ஒருத்தி செய்துவந்த வேலையைக் கிராமத்துத் தகப்பன் ஒருவர் கையில் இமையம் கொடுத்திருக்கிறார். அந்த வேலையின் பாதிதான் அவருக்கு வாய்த்தது. அனுப்பிவைத்த தோழி மறுநாள் காலையில் செவிலியிடமும் தாயிடமும் நின்று, நடந்தது இது, இதுவே அறம் என்று சொல்வாள். பழனி விடிவதற்குள் விஷம் குடித்துவிடுகிறார். அவர் சொல்லைக் கேட்கும் ஊர் அங்கே இல்லை.